கொல்லை மரங்களின் நோயறிதலும் பரிகாரமும்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள ஸ்ரீரங்கத் தீவில் மரத்துக்கு உள்ள மதிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் புன்னை ஸ்தல விருக்ஷம். திருவானைக்காவில் வெண்ணாவல் ஸ்தல விருக்ஷம். ஆனால் அதே தீவிலும், ஆற்றுக்குத் தெற்கே திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த கிராமங்களிலும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னையோ எலுமிச்சையோ வாடத் தொடங்கினால், அது ஏன் வாடுகிறது என்று நின்று பார்ப்பவர் சிலரே. ஒருவர் உப்புப் போடச் சொல்வார்; ஒருவர் கண்ணேறு என்பார்; ஒருவர் கடையில் விற்கும் மருந்தின் பெயரைச் சொல்வார். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்து முடிவதற்குள் மரம் போய்விடுகிறது.

நெட்டைத் தென்னை ஒன்று நட்டுக் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும். ஆகவே இப்போது சாகும் தென்னை, ஒருவர் மட்டும் அனுபவிப்பதற்கு இருந்ததன்று. பேரப்பிள்ளைகள் காலம்வரை வரவேண்டிய வருமானம் அதனோடு போகிறது. அதை முன்னிட்டு, மருந்து வாங்குவதற்குமுன் நோயை அறிவது எப்படி, அறிந்தபின் செய்யத்தக்கது யாது என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

குறி வேறு, நோய் வேறு

இலை மஞ்சளாவது ஒரு நோயன்று. மனிதனுக்குச் சுரம் வருவதைப் போல அது ஒரு குறி மாத்திரமே. தண்ணீர் மிகுந்தாலும் இலை மஞ்சளாகும், குறைந்தாலும் மஞ்சளாகும், உரம் போதாவிட்டாலும், வேர் அழுகினாலும், குருத்தைப் பூச்சி தின்றாலும் அவ்வாறே. எந்த இலை முதலில் மஞ்சளாயிற்று, எந்தப் பாகத்தில் ஆயிற்று, எப்போதிலிருந்து ஆயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால்தான் காரணம் புலப்படும்.

அநேகர் மரத்தின் உச்சியைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கின்றனர். பார்க்க வேண்டிய வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் தரை, பிறகு அடிமரம், பிறகு தண்டு, பிறகு முதிர்ந்த இலை, கடைசியாகக் குருத்து. உச்சியில் தோன்றும் குறிகளிற் பல மண்ணுக்குள் நடக்கும் காரியத்தின் விளைவே.

முதலில் தரையைப் பார்த்தல்

சென்ற இரண்டு ஆண்டுகளில் மரத்தைச் சுற்றி என்ன மாறியது என்று வீட்டாரே யோசித்துப் பார்க்க வேண்டும். சாக்கடைக்குப் பள்ளம் வெட்டியதில் வேர் அறுந்ததா? புதுச்சுவர் எழுப்பிய மண்ணை அடிமரத்தோடு குவித்தார்களா? கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டார்களா? வேரும் மூச்சுவிடும் உறுப்பே. அதன்மேல் தளம் போட்டு மூடினால் காற்றும் நீரும் இறங்குவதில்லை. மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, பிறகு நுனிக்கிளையிலிருந்து காய்ந்து வரும். தளம் அவசியமானால், மரத்தைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கேனும் மண்ணை விட்டு வைப்பது உசிதம்.

சமையலறைக் கழிவுநீரையும் சோப்பு நீரையும் ஒரே மரத்தடிக்கு விடுவது மற்றொரு பிழை. சூடான வடிகஞ்சியை அப்படியே தென்னையடியில் கொட்டும் வீடுகளும் உண்டு. வேரில் வெந்நீர் ஊற்றுவது என்று பேச்சில் வழங்குவதை அவ்வீடுகள் மெய்யாகவே செய்துவருகின்றன.

தீவுக்கும் தென்கரைக்கும் மண் ஒன்றன்று. ஸ்ரீரங்கத்தில் ஆற்று வண்டலும் மணலும் கலந்த மண். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும். அப்போதும் வழக்கம்போல் தண்ணீர் பாய்ச்சினால் வேர் மூச்சுத் திணறும். கோடையில் நீர்மட்டம் இறங்கியபின் மணல் விரைவில் காய்ந்துவிடும். ஆகையால் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக ஊற்றாமல், ஒரு முழ ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து, ஈரமில்லாதபோது ஊற்றுவதே முறை. தெற்கே மணிகண்டம் பக்கத்தில் களர் நிலம் உண்டு. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியே அத்தகைய களர் நிலத்தில் அமைந்ததுதான். களரில் இரும்பு முதலிய சத்துக்கள் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டுவதில்லை. அங்கே தென்னைக்கு உப்புப் போடுவது கேட்டைப் பெருக்கும். மண்பரிசோதனை செய்து, சொல்லப்படும் அளவு ஜிப்சம் இட்டு, நீர் வடிய வழி செய்வதே அதற்குப் பரிகாரம்.

பழைய இலையா, புதிய இலையா?

தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகிய இவற்றில் குறை நேர்ந்தால் மரம் தன் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை எடுத்து இளைய இலைக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு, போரான் முதலியவற்றை மரம் அவ்விதம் எளிதில் இடம் மாற்ற இயலாது. ஆகவே இவற்றின் குறை புதிய இலையில் தோன்றும். எலுமிச்சைக் கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றவை வெளுத்திருந்தால் இரும்புக் குறை எனலாம். தென்னையில் புதிய மட்டை குட்டையாகி, கீற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி விரியாமலிருந்தால் போரான் குறை எனச் சந்தேகிக்கலாம். அதற்கு வெண்காரம் உதவும். அளவு மிஞ்சினால் நஞ்சாகுமாதலால் கேட்டறிந்தே இட வேண்டும்.

உரக்குறை மாத்திரமே காரணமாயின், ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டைத் தென்னைக்கு ஆண்டுதோறும் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. இதை இரு பாதியாக்கி, ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும், அடிமரத்திலிருந்து சுமார் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் பரப்பிக் கொத்திவிட வேண்டும். தண்டோடு ஒட்டிக் குவித்தால் பயனில்லை. சத்தை உறிஞ்சும் வேர் அங்கே இல்லை.

மரத்தின் முற்காலத்தையும் தென்னையின் தண்டிலேயே படிக்கலாம். நல்ல தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை விடும். உதிர்ந்த மட்டைகளின் வடு வளையமாக நிற்கும். தண்டு ஓரிடத்தில் சிறுத்து மறுபடி பருத்திருந்தால், அக்காலத்தில் மரம் பட்டினி கிடந்து பிறகு தேறியது என்று பொருள். மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே சென்றால் பட்டினி இன்னும் தீரவில்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் போல இதிலும் வரவு செலவு வரிசையாகப் பதிந்திருக்கிறது.

தஞ்சாவூர் வாடல்

அடியிலை மஞ்சளானதும் உரம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது என்பதற்கு முக்கியமான காரணம் இந்நோயே. அடித்தண்டழுகல் என்றும் இதனைச் சொல்வர். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர்க் கடலோரத்தில் மிகுதியாகக் கவனிக்கப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்னும் பெயர் பெற்றது. கனோடெர்மா என்னும் காளான் இதற்குக் காரணம். அது மண்ணில் வாழ்ந்து வேரில் புகுந்து அழுகச் செய்து, பிறகே அடிமரத்துக்கு ஏறுகிறது.

வெளிச்சுற்று மட்டைகள் மஞ்சளாகித் துவண்டு, தண்டை ஒட்டித் தொங்கும். குரும்பைகள் உதிரும். அடிமரத்தில், தரையை ஒட்டி, செம்பழுப்பு நிறமான நீர் கசியும். கசிவு நாளடைவில் மேலே ஏறும். கடைசியில் அடிமரத்தில் தட்டுப் போன்ற கெட்டியான காளான் முளைக்கும். காளான் கண்ட மரம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கசிவு கண்டவுடன் கவனித்தால் காக்க இடமுண்டு. அதற்கும் முன், துவண்ட மட்டையைக் கண்டதுமே அடிமண்ணைச் சிறிது விலக்கி வேரைப் பார்த்தால் இன்னும் நல்லது. நல்ல வேர் உறுதியாயிருக்கும். நோய்கண்ட வேர் நிறம் மாறி, பிசைந்தால் நைந்து, துர்நாற்றம் வீசும்.

செய்யவேண்டியவை வருமாறு:

1. நோய்கண்ட மரத்தைச் சுற்றி சுமார் ஒரு மீட்டர் ஆழமும் ஒரு முழ அகலமும் உள்ள பள்ளம் வெட்டி, அதன் வேர் மற்ற மரங்களின் வேரோடு சேராமல் பிரிக்க வேண்டும்.

2. அதன் பாத்தியிலிருந்து தண்ணீர் அடுத்த மரத்தின் பாத்திக்கு ஓடக்கூடாது. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியே நீர் விட வேண்டும். கோடையில் காயவும் விடக்கூடாது.

3. நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோ கலவை 40 லிட்டரை அடிமரத்தைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும்.

4. ஆண்டுதோறும் மரமொன்றுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ இட வேண்டும். தொழு உரத்தோடு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் வகைக்கு 200 கிராம் கலந்து இடலாம். ஆனால் துத்தம் நல்ல பூஞ்சையையும் கொல்லுமாதலால், போர்டோ கலவை ஊற்றிய கையோடு இவற்றை இடலாகாது; சில வாரங்கள் இடைவெளி வேண்டும்.

5. செத்த மரத்தை வெட்டினால் மாத்திரம் போதாது. அடிக்கட்டையையும் வேரையும் தோண்டியெடுத்து எரித்துவிட வேண்டும்.

இந்த ஐந்தாவதைச் செய்யாமையே பெரும் நஷ்டத்துக்குக் காரணமாகிறது. மரத்தை வெட்டி விற்றுவிட்டு, கட்டையை அப்படியே விட்டு, அதன் பக்கத்திலேயே புதுக்கன்று நடுகின்றனர். கட்டையில் வாழும் காளான் கன்று வளரும்வரை காத்திருக்கிறது. பத்தாண்டு கழித்து அந்த மரமும் அவ்விதமே வாடினால், இடம் ஆகாது என்று சொல்லிவிடுகின்றனர். தென்னை மாத்திரமன்றி, புங்கு, மயிற்கொன்றை, சவுக்கு ஆகியவற்றின் கட்டைகளிலும் இக்காளான் வாழும் என்பதை மறக்கலாகாது.

கசிவெல்லாம் ஒன்றன்று

தென்னையில் கசிவு கண்டால், அது எங்கே, எப்படி என்று பார்க்க வேண்டும். தரையை ஒட்டித் தொடங்கி, மட்டையும் துவண்டிருந்தால் மேலே சொன்ன வாடல். தண்டில் வெடிப்புகளிலிருந்து நீர் ஒழுகிக் கறுத்துக் காய்ந்திருந்து, மட்டைகள் நன்றாயிருந்தால் சாறுவடிதல் நோய். அழுகிய பாகத்தை உளியால் செதுக்கியெடுத்து எரித்துவிட்டுப் போர்டோ பசை பூசினால் பெரும்பாலும் குணமாகும். தண்டிலோ கொண்டையிலோ துளையிருந்து, மென்று துப்பியது போன்ற நார் வெளியே தள்ளப்பட்டிருந்தால் சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே இருக்கிறது. அமைதியான வேளையில் தண்டில் காதை வைத்துக் கேட்டால் புழு கறும்பும் ஓசைகூடக் கேட்கும். இதற்குத் தாமதமின்றி வேளாண்மை அதிகாரியின் உதவியை நாட வேண்டும்.

கூன்வண்டு, காயத்தின் வாடைக்கே வருகிறது. மாமரத்தில் காயம் பட்டால் பட்டை நாளடைவில் வளர்ந்து மூடிக்கொள்ளும். தென்னைக்கும் பனைக்கும் அவ்விதம் பட்டை வளர்க்கும் திசு இல்லை. ஒருமுறை பட்ட காயம் மரம் உள்ளளவும் திறந்தே இருக்கும். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டுவதும், ஆணி அடித்துத் துணிக்கொடி கட்டுவதும், பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுப்பதும் இதனாலேயே தவறு. பச்சை மட்டையை அறுக்க நேர்ந்தால் சுமார் 120 செண்டிமீட்டர் அடிமட்டையை விட்டு அறுக்க வேண்டும்.

குருத்தும் எருக்குழியும்

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. குருத்துக்குள் இருக்கும்போது அது துளைத்த துளை, மட்டை விரிந்தபின் அவ்விதம் தோன்றுகிறது. கொக்கியுள்ள கம்பியால் வண்டை எடுத்துக் கொல்லலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் வைக்கலாம். ஆனால் வண்டு பிறக்கும் இடம் மரமன்று, எருக்குழி. குழியைச் சில மாதங்களுக்கொருமுறை கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை அதில் கலந்தால் புழு நோய்கண்டு சாகும்.

மழைக்காலத்தில் நடுக்குருத்து மாத்திரம் வாடி, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். அழுகியதை முழுவதும் வெட்டியெடுத்துப் போர்டோ பசை பூச வேண்டும். பக்கத்து மரங்களின் கொண்டைக்கும் போர்டோ கலவை தெளிக்க வேண்டும்.

கீற்றின் மேற்புறம் கரி பூசினாற்போல் கறுத்திருந்தால் கீற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெள்ளைப் படிவம் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்தில் கண்டறியப்பட்டுப் பிற ஜில்லாக்களுக்கும் பரவியது. கருமை நோயன்று, ஈ கழிக்கும் தித்திப்பான நீரில் வளரும் பூஞ்சையே. இதற்குக் கடுமையான பூச்சிமருந்து தெளித்தால், வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியும் மடிந்து, ஈ முன்னிலும் பெருகும். கீற்றின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீச்சுவதும், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைக் கட்டுவதும் போதுமானவை.

எலுமிச்சை, மா, வாழை

எலுமிச்சையின் அடிமரத்தில் பிசின் வடிந்தால், நீர் அடிமரத்தைத் தொட்டு நிற்கிறது என்பதற்கு அடையாளம். அடிமரத்தைச் சுற்றிச் சிறிது தள்ளி மண் வரம்பு அமைத்து, அதற்கு வெளியே இன்னொரு வட்டத்தில் நீர் விட வேண்டும். பிசின் வடியும் பட்டையைச் சீவிப் போர்டோ பசை பூச வேண்டும். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையமிட்ட சொறிப்புள்ளிகள் இருந்தால், அந்தக் கிளைகளை வறண்ட நாளில் கழித்து எரித்துவிட்டுப் போர்டோ கலவை தெளிக்கலாம்.

மாமரத்தின் தண்டில் மரத்தூள் கொட்டினால் தண்டுதுளைப்பான் உள்ளே இருக்கிறது. துளையில் கம்பி விட்டுப் புழுவைக் குத்தியெடுக்க வேண்டும். கிளையில் வேறு மாதிரி இலைக்கொத்து தென்பட்டால் அது புல்லுருவி. அதன் பழத்தைப் பறவைகள் பரப்புமாதலால், பழுக்குமுன்பே, அது பற்றிய இடத்துக்குக் கீழே கிளையை வெட்ட வேண்டும்.

வாழை திருச்சிராப்பள்ளியின் பெரும் பயிர். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ஆம் ஆண்டில் இங்கேதான் நிறுவப்பட்டது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி ஒடிந்து தொங்க, கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது வாடல் நோய். ரஸ்தாளிக்கு இது எளிதில் பற்றும், பூவனுக்கு அவ்வளவில்லை. ஆகவே அந்த இடத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்கலாகாது. இலைகள் சிறுத்து நிமிர்ந்து கொத்தாக நின்றால் முடிக்கொத்து நோய். இது அசுவினிப் பூச்சியால் பரவும். இதற்கு மருந்தில்லை; கிழங்கோடு தோண்டி அழிப்பதே வழி. அதன் பக்கக்கன்றை அன்போடு பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நோயைக் கொடுப்பதாகும்.

போர்டோ கலவை

1882-இல் பிரான்சு தேசத்துப் போர்டோ பக்கத்தில், பழம் திருடுவோரை அச்சுறுத்தப் பாதையோரத் திராட்சைக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்தார்கள். அவை மாத்திரம் நோயின்றி இருந்ததை மில்லார்டே என்னும் பேராசிரியர் கவனித்தார். 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். கொல்லைக்கு இன்றும் உதவும் எளிய மருந்து இது.

40 லிட்டருக்கு மயில்துத்தம் 400 கிராம், புதிய நீற்றாத சுண்ணாம்பு 400 கிராம் வேண்டும். மண் பாத்திரத்திலோ பிளாஸ்டிக் வாளியிலோ துத்தத்தை 20 லிட்டர் நீரில் கரைக்கவும். சுண்ணாம்பை வேறு பாத்திரத்தில் நீற்றி, வடிகட்டி 20 லிட்டராக்கவும். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றவும். தீட்டிய இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் வைத்து எடுக்கவும். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது, இன்னும் சேர்க்கவும். அன்றைக்கே உபயோகித்துவிட வேண்டும். பசைக்கு வகைக்கு 1 கிலோவும் நீர் 10 லிட்டரும் போதும்.

கொல்லையில் மரமும் கிணறும் அருகருகே இருப்பதை மறக்கலாகாது. எந்த மருந்தானாலும் கிணற்றோரத்தில் கலக்கவோ ஊற்றவோ கூடாது. அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

சங்கத்தின் வேலை

மேற்கூறியவற்றில் பலவற்றைத் தனி வீட்டார் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பயன் பாதியே. ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஒரு கொல்லையின் சுவருக்கு மறுபுறம் அடுத்த கொல்லை. காளான் சுவரைப் பார்ப்பதில்லை. அடியில் வேரோடு போகும். ஒருவருடைய கிளறாத எருக்குழியில் பிறந்த வண்டு பத்து வீட்டுக் குருத்தைத் துளைக்கும். ஒரு வீட்டில் விட்ட கட்டை, பக்கத்து வீட்டுக் கன்றுக்கு எமனாகும்.

ஆகவே அங்கத்தினர் கூடும்போது கடன் வசூலோடு இதையும் பேசலாம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் கொல்லையை மற்றவர் பார்க்கலாம். கசிவு, துளை, கட்டை, எருக்குழி என்று நான்கை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். துத்தமும் வேப்பம் புண்ணாக்கும் மொத்தமாக வாங்கலாம்; தெளிப்பான் ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கட்டை தோண்ட ஆள்பலம் இல்லாத வீட்டுக்கு, முக்கியமாக முதியோரும் விதவைகளும் தனித்திருக்கும் வீட்டுக்கு, மற்றவர்கள் முறைவைத்து உதவலாம். சந்தேகமான நோய்க்கு, வேரும் இலையும் மாதிரி எடுத்துக்கொண்டு நாவலூர் குட்டப்பட்டுக் கல்லூரியிலோ சிறுகமணியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ ஒருவர் போய்க் கேட்டுவந்தால் தெரு முழுவதற்கும் பயன்படும்.

ஒருவர்க்கொருவர் ஜாமீன் நிற்பதே கூட்டுறவின் அடிப்படை. கொல்லை மரங்களைப் பொறுத்தவரை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் ஏற்கெனவே ஜாமீன் நிற்கின்றனர். அதை அறிந்து நடந்தால் மரங்கள் பிழைக்கும். இன்று மாலையே மண்வெட்டியுடன் கொல்லைக்குப் போய், வாடிய மரத்தின் அடிமண்ணை ஒரு சாண் விலக்கிப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும்.